எழுத்துக்கு எண்பத்தைந்து டொலர்

டண்டினோங் ரயிலடிக்குப் பின்னால்
முன்பு நாய்களுக்கு முடிவெட்டிய கடை
இப்போது எங்களுடையது.
மூன்று தரம் கழுவியும்
மழை நாளில் ஷாம்பு மணக்கிறது.
கவுன்சிலில் இருந்து வந்தவள்
கை கழுவ இன்னொரு தொட்டி வேண்டும் என்றாள்.
கடைக்குப் பேர் என்ன என்றாள்.
படிவத்தில் அந்தப் பெட்டி மட்டும் வெறுமை.

இன்பநாதன் சொன்னான்: பறுவதம்.
அவனுடைய அம்மம்மா.
கலியாண வீடுகளில் நூற்றைம்பது பேருக்கு
உப்புப் பார்க்காமலே கறி இறக்கியவள்.
அதில் பேச்சில்லை.
நான் சொன்னேன்:
பக்கத்தில் நல்லபிள்ளையும்.

சிரித்தான்.
பிரம்டனில் இருந்து அக்காவும் சிரித்தாள் போனில்.
"அப்பம்மா வைச்ச சொதியை
நாயும் யோசிச்சுத்தானடி குடிச்சது."

உண்மை.
நல்லபிள்ளைக்குச் சமைக்க வராது.
புட்டு அவித்தால் கல்,
இடியப்பம் பிழிந்தால் களி.
வட்டிக்குக் கொடுப்பாள். கொப்பி இல்லை,
கணக்கெல்லாம் மண்டைக்குள்.
ஆனால் சாப்பிடுவாள்.
ஆம்பிளையள் கை கழுவ முதல்
தன் கோப்பையோடு குந்திவிடுவாள்.
மீன்தலையை இன்னொருவருக்கு விட்டதில்லை.
முள்ளைச் சூப்பி வரிசையாய் வைத்துவிட்டு,
சமைத்த சின்னம்மாவின் முகத்தைப் பார்த்து,
"உப்புக் கொஞ்சம் கூட.
நாளைக்கும் இதையே வை" என்பாள்.
எங்கள் வீட்டில்
சமைத்தவளிடம் ஒரு சொல் சொன்ன
ஒரே ஆள்.

பறுவதம் சூடாய்ச் சாப்பிட்டதை
நீ கண்டிருக்கிறாயா என்று கேட்டேன்.
இன்பநாதன் வெங்காயத்தை
தேவைக்கு மேலே அரிந்துகொண்டிருந்தான்.
பிறகு கை துடைத்து, படிவத்தை இழுத்து
இரண்டு பேரையும் எழுதினான்.
கையெழுத்து வழக்கத்தைவிட மோசம்.

பலகை செய்பவர் கோயமுத்தூர்க்காரர்.
எழுத்துக்கு எண்பத்தைந்து.
"அஞ்சும் ஆறும் பதினொண்ணு.
அந்த 'ளை'க்கு முன்னாடி
கொம்பு ஒண்ணு தனியா நிக்குதுல்ல,
அதோட பன்னெண்டு."
நல்லபிள்ளையின் பேத்தியிடமா?
அரை மணித்தியாலம் அசையாமல் நின்றேன்.
பதினொன்றுக்கு இறங்கினார்.
கீழே சின்னதாய் ஆங்கிலம், அது இலவசம்.

வந்து சேர்ந்த பலகையில்
'பருவதம்'.
"தப்பா எழுதிக் குடுத்திருந்தீங்க,
நானே திருத்திட்டேன்" என்றார் சந்தோசமாய்.
வீடியோவில் பார்த்த மாமி கேட்டா:
"ஆரது?
அம்மாவின்ரை காணி உறுதியிலை,
கூப்பன் மட்டையிலை, மரணப் பத்திரத்திலை,
எல்லாத்திலையும் வல்லின று.
இது வேறை ஆரோ மனிசி."

வேறை ஆரோ மனிசியை
ஏணி வைத்து இறக்கினோம்.
இலக்கணம் அவர் பக்கம்,
செலவு எங்கள் பக்கம்,
இன்னுமொரு எண்பத்தைந்து.
புதிதாய் வந்த று
மற்ற எழுத்துகளைவிட ஒரு பிடி சிவப்பு.
வெயில் பட்டால் சரிவரும் என்கிறார்.

திறந்த அன்று காலை, இன்னும் எண்ணெய் காயாத நேரம்,
பள்ளிக்கூடப் பையோடு ஒரு ஹசாராப் பொடியன்.
ஹலாலா என்று முதலில் கேட்டான்.
ஓம் என்றேன்.
பலகையைக் காட்டி,
அந்த இரண்டாவதுக்குள் என்ன இருக்கு என்றான்.

"ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு,
மிளகு கொஞ்சம் கூட" என்றது என் வாய்,
என்னைக் கேட்காமல்.

"அப்ப இரண்டு நல்லபில்லே."

உள்ளே இன்பநாதன் அகப்பையோடு நின்று பார்த்தான்.
இரண்டு றோல்ஸ் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன்.
பொடியன் வெளியே போகவில்லை.
கண்ணாடியோரம் நின்றபடியே,
ஒருவருக்கும் காத்திராமல்,
நாக்குச் சுடச்சுடத் தின்றான்.

எண்ணிப் பார்த்தால் எண்பது சதம் குறைவு.
முதல் வியாபாரம், விடு என்றான் இன்பநாதன்.
நாளைக்குத் தா என்றேன் பொடியனிடம்.
கொப்பியில் எழுதவில்லை.